துரையை எழுப்பிவிடும் யாக்கோபு அண்ணன்

யாக்கோபு அண்ணன் போய்விட்டார்.

முந்தாநாள் காலை, தானா ராத்தா ஆஸ்பத்திரியில். நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள்... வீடு திரும்பவில்லை. நேற்று சாயங்காலம் அடக்கம் முடிந்தது. இன்றைக்குத்தான் எழுத உட்கார முடிந்தது.

எங்கள் ஜெப வண்டியைப் பார்த்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை சாயங்காலம் நானும் என் வீட்டுக்காரரும் ரிங்லெட் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு ஒரு பழைய கேம்பர் டிரெய்லரை இழுத்துக்கொண்டு போவோமே... அதுதான். பக்கவாட்டுக் கதவைத் திறந்தால் மைக், ஸ்பீக்கர், கீபோர்டு. ஜெபம் முடிந்ததும் எல்லாருக்கும் டீ.

அந்த வண்டிக்கு ஜெனரேட்டர் ஓட்டியவர் யாக்கோபு அண்ணன். டீ பாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

ஜெனரேட்டருக்கு அவர் வைத்த பேர் ‘துரை’. கயிற்றை இழுத்து இழுத்துக் கெஞ்சினால்தான் எழுந்திருக்குமாம். எழுந்ததும் தோட்டத்தையே திட்டுமாம்.

ஜெபம் முடிகிற வரை அண்ணன் துரை பக்கத்திலேயே நிற்பார். அந்தச் சத்தத்தில் பாட்டு ஒரு வரி காதில் விழாது. ஆனாலும் வாய் மட்டும் கூடவே பாடிக்கொண்டிருக்கும்.

வண்டிக்குள்ளே ஓர் ஆணியில் அவருடைய நீல எனாமல் கோப்பை தொங்கும். கடைசி டீ அவருக்கு. சீனி கம்மி.

பேட்டரியை மாற்றலாம் என்று போன வருடம் ஆரம்பித்தது நான்தான். வண்டியில் இருந்த பழைய பேட்டரிக்கு இரண்டு பல்பு எரிக்கவே மூச்சு வாங்கும். ஜெனரேட்டர் சத்தத்தில் பிரசங்கம் கேட்கவில்லை என்று வயதானவர்கள் சொல்லிக்கொண்டே இருந்தார்கள்.

எனக்கு இதெல்லாம் படிப்பில்லை. போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்தச் சாமான் எத்தனை வாட், எவ்வளவு நேரம் ஓடும் என்று வீட்டுக் கணக்கு மாதிரியே எழுதினேன். வெயில் வரவு, கரண்ட் செலவு. நம் ஊர் மூடுபனிக்கு வரவைப் பாதியாக்கினேன். தண்ணீர் காய்ச்சும் மின்சாரக் கெத்தலைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு, டீ கேஸ் அடுப்பில் என்று முடிவு செய்தேன்.

யாக்கோபு அண்ணன் எட்டிப் பார்த்தார். “வெயிலுக்குமா கணக்கு எழுதுறீங்க? கர்த்தர் பில்லு அனுப்பப் போறாரு லா.”

லித்தியம் பேட்டரி, இன்வர்ட்டர், கூரைமேல் இரண்டு சோலார் பேனல். ஏறி மாட்டியது அவர்தான். துளை போட்ட இடத்தில் மழைத் தண்ணீர் இறங்கக் கூடாதென்று பசை தடவித் தடவி அடைத்தார்.

இன்வர்ட்டருக்குக் காற்றோட்டமான இடம் வேண்டும். வண்டிக்குள் அப்படி இருந்தது கோப்பை தொங்கிய இடம் ஒன்றுதான். அவரே ஆணியைப் பிடுங்கினார். கோப்பையை டிராயரில் வைத்தேன்.

“துரைக்கும் எனக்கும் ஒரே நாள்ல பென்ஷனா, தங்கச்சி?”

எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

முதல் சனிக்கிழமை சுவிட்சைப் போட்டோம்... ஒரு சத்தமும் இல்லை. போதகர் மெதுவாகப் பேசினாலும் தெளிவாகக் கேட்டது. ஆனால் கேட்க ஆள்தான் இல்லை. பனி கடுமை, அதனால் வரவில்லை என்று நினைத்தோம். யாக்கோபு அண்ணன் எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவோரம் கொஞ்ச நேரம் நின்றார்.

அடுத்த வாரம் அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும்.

“கோவமா இருக்காரு போல. விடு, தானா வருவாரு” என்றார் என் வீட்டுக்காரர்.

கூட்டம் மட்டும் பழையபடி சேர்ந்துவிட்டது. மைக் இப்போது நன்றாகக் கேட்கிறது, அதனால்தான் என்று ஆலயத்தில் சாட்சிகூடச் சொன்னேன்.

ஞாயிறு ஆராதனையில் பார்ப்பார். “நேத்து கூட்டம் எப்படி தங்கச்சி?” என்பார். நல்ல கூட்டம் என்பேன். ஆமென் ஆமென் என்று சொல்லிக்கொண்டே போய்விடுவார். நீங்கள் ஏன் வருவதில்லை என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டால் மனத்தாங்கலைச் சொல்வார் என்று பயம்...

நேற்று அவர் வீட்டு வாசலில் விளக்குக்கும் மைக்குக்கும் எங்கள் வண்டிதான் நின்றது. டீ கொடுத்துக்கொண்டிருந்தபோது தோட்டத்து வரிசை வீடுகளில் கீழ் லயத்தில் இருக்கும் பார்வதி பக்கத்தில் வந்தாள். மாரியம்மன் கோயிலுக்குப் போகிறவள், சனிக்கிழமை டீக்கு மட்டும் வருவாள்.

“இனிமே யாரு அக்கா எங்களக் கூப்புட வருவா?”

எனக்குப் புரியவில்லை.

“முன்ன அந்த மெஷினு கத்தும். வண்டி வந்துருச்சின்னு தெரியும். இப்ப பனிக்குள்ள நீங்க வர்றதும் தெரியல, போறதும் தெரியல. அவருதானே மோட்டார் சைக்கிள்ல வந்து வீடு வீடா கதவத் தட்டுவாரு. என் வீட்டையும் விடமாட்டாரு. ஜெபத்துக்கு வராட்டி போவுது, டீ குடிக்கவாச்சும் வா பிள்ளைம்பாரு.”

மேல் லயத்தில் ஆரம்பித்துக் கீழ் லயம் முடிப்பதற்குள் பாதி ஜெபம் முடிந்துவிடுமாம். பாதியில் வந்து நிற்பது மரியாதை இல்லை என்று அப்படியே வீட்டுக்குப் போய்விடுவாராம்.

நீங்கள் போகவில்லையா என்று பார்வதி ஒரு தரம் கேட்டிருக்கிறாள்.

“அங்கதான் எனக்கு வேல இல்லையே பிள்ள. இங்க இருக்கு” என்றாராம்.

கையில் டீத் தட்டு இருந்தது. யாரோ வாங்கி வைத்தார்கள்.

ஒவ்வொரு சனிக்கிழமையும் எத்தனை கோப்பை டீ போனது என்று எழுதி வைக்கிற ஆள் நான். அவருக்கு ஒன்றுகூடப் போகவில்லை என்று எனக்குத் தெரியும். கோபம் என்றே நினைத்திருந்தேன்.

வருகிற சனிக்கிழமை வண்டி போகும். மேல் லயத்துக் கதவுகளை நான் தட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன். கீழ் லயத்தைப் பார்வதி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். டீ உண்டுதானே என்றும் கேட்டாள்.

கோப்பை டிராயரிலேயே இருந்தது அண்ணே. காலையில் எடுத்துக் கழுவி வைத்தேன்.

போய் வாங்க...