ஷாகுல் பாய் இன்று வருவதாகச் சொல்லியிருந்தார்

ஷாகுல் பாய் இறந்துவிட்டார். இன்று காலை. ஹார்ட் அட்டாக்.

எடமலைப்பட்டி புதூரில் கார் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தவர். எங்கள் கார் மெக்கானிக்... அப்படி மட்டும் சொன்னால் பாதிகூடச் சொன்னதாகாது.

கார் மறுபடி இறங்கிவிட்டது என்று சொன்னதற்கு நேற்று சாயங்காலம்தான் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். "தங்கச்சி, நாளைக்கு வந்து பாக்கறேன். அதுவரைக்கும் வண்டிய ஸ்டார்ட் பண்ணாதீங்க. காத்து இறங்க இறங்க கம்ப்ரஸர் விடாம ஓடும், வெந்துடும்."

இன்று அவருடைய மகன் போன் பண்ணினான். "அத்தா மவுத்தாயிட்டாங்கக்கா." எனக்கு உடனே புரியவில்லை. "யாரு தம்பி?" என்று திரும்பக் கேட்டேன். பாவம், அவனை இன்னொரு தடவை சொல்ல வைத்துவிட்டேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் கணவர் முரளிக்கு பைக் விபத்தில் முதுகுத்தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவு இல்லை, வலி மட்டும் இருக்கிறது.

ஸ்ரீரங்கத்திலிருந்து தில்லை நகருக்கு பிசியோதெரபி போகவேண்டும். ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் கத்துவார். அதற்காகவே என் அண்ணன் ஒரு பழைய பெரிய கார் வாங்கிக் கொடுத்தான். ஸ்பிரிங்குக்குப் பதிலாக நாலு சக்கரத்துக்கும் காற்றுப் பை, அதில் காற்றை நிரப்ப ஒரு கம்ப்ரஸர். நான்தான் ஓட்டுவேன். ரோட்டில் போவதே தெரியாது.

கொஞ்ச நாள்தான். ஒரு காலையில் பார்த்தால் கார் பின்பக்கம் ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தது. டயருக்கு மேலே விரல் நுழையாது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் கம்ப்ரஸர் போச்சு என்று புதிது மாட்டினார்கள். மறுபடி உட்கார்ந்தது. பிறகு யாரோ சொல்லித்தான் ஷாகுல் பாயிடம் போனோம்.

வண்டியைத் தொடுவதற்கு முன் என்னைத்தான் கேட்டார். "நிறுத்தின உடனே இறங்குதா, ராத்திரி பூரா நின்னப்பறம் இறங்குதா?"

"காலைலதான் இறங்கியிருக்கு பாய்."

"அப்ப சின்ன ஓட்டையாத்தான் இருக்கும்." வண்டியைத் தூக்கி நிறுத்தி சோப்புத் தண்ணியை அடித்தார். ரப்பர் மடிப்பில் ஒரே இடத்தில் நுரை பொங்கிப் பொங்கி வந்தது. "பை ஒழுகுது. அதை ரொப்பி ரொப்பியே கம்ப்ரஸர் செத்திருக்கு."

புதுப் பை வெளியூரிலிருந்து வரவேண்டும். அதுவரை தெரபியை நிறுத்த முடியாதே... அந்தப் பைக்குப் போகும் குழாயில் டயர் வால்வு மாதிரி ஒன்றை மாட்டினார். தெரபி இருக்கும் நாளெல்லாம் காலையில் வீட்டுக்கே வந்து பம்ப்பில் காற்றடித்துக் கொடுத்துவிட்டுப் போவார்.

"போயிட்டு வர்ற வரைக்கும் தாங்கும். பயப்படாம போங்க."

புதுப் பை மாட்டிய அன்று முரளியைப் பின்சீட்டில் உட்காரவைத்து அவரே ஓட்டினார். "சார், எங்க வலிக்குதோ அங்க சொல்லுங்க." ஸ்பீட் பிரேக்கர் எல்லாம் தாண்டியும் முரளியிடமிருந்து சத்தமே இல்லை.

"சார்?" என்று திரும்பிப் பார்த்தார். முரளி தூங்கிப்போயிருந்தார். விபத்துக்குப் பிறகு அவர் அப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை.

வீட்டு வாசலுக்கு வந்ததும் நான் எழுப்பப் போனேன். "வேணாம் தங்கச்சி, விடுங்க." மறுபடியும் வண்டியை எடுத்து, அவராக விழிக்கும் வரை சுற்றிக்கொண்டே இருந்தார்.

போன மழைக்கு ஒருநாள் காவிரிப் பாலத்தின் நடுவில் இன்னொரு பை கிழிந்தது. டப்பென்று சத்தம். கார் இடது பக்கம் சாய்ந்தது, முரளியும் கூடவே சரிந்தார். என்னால் அவரை நிமிர்த்த முடியவில்லை. பின்னால் பஸ் ஹாரன். "வண்டிய ஓரங்கட்டும்மா!" என்று கண்டக்டர் கத்துகிறார். எங்கே ஓரங்கட்ட...

நான் போன் பண்ணியதும் பாய் நனைந்துகொண்டே பைக்கில் வந்து சேர்ந்தார். குனிந்து பார்த்தார். "கிழிஞ்சே போச்சு தங்கச்சி. இங்க வச்சு ஒண்ணும் பண்ண முடியாது." ஆம்புலன்ஸுக்கு அவரே போன் பண்ணினார்.

அது வரும்வரை பின்சீட்டில் ஏறி, முரளியின் இடது பக்கம் தன் உடம்பை முட்டுக் கொடுத்து, அவர் சரியாமல் பிடித்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வர ரொம்ப நேரமானது. அதுவரை பாய் அசையவே இல்லை.

"மன்னிச்சுக்குங்க சார். என்னால ஒண்ணும் பண்ண முடியல."

"நீங்க என்ன பாய் பண்ணுவீங்க..." என்றார் முரளி.

இன்று மதியத் தொழுகை முடிந்ததும் அடக்கம் என்றார்கள். "நானும் வரேன்" என்றார் முரளி. கார் வாசலில் தரையோடு கிடக்கிறது.

"ஆட்டோல உட்காந்துக்கறேன். பல்லைக் கடிச்சுக்கறேன், கூட்டிட்டுப் போ."

பக்கத்து வீட்டுக்காரர், ஆட்டோ டிரைவர், நான்... மூன்று பேரும் தூக்கி வைத்தோம். தெரு முனை தாண்டவில்லை. வலி தாங்காமல் அவர் கத்தியதில் ஆட்டோவைத் திருப்பி, வீட்டில் கொண்டுவந்து படுக்க வைத்தோம். "நீ போ" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் போனேன். பாயின் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "விடியக்கால சுபுஹு தொழுதுட்டு வந்து, நெஞ்சு என்னமோ பண்ணுதுன்னு படுத்தாங்க. டீ போட்டு எடுத்துட்டுப் போறதுக்குள்ள..."

அதோடு நிறுத்திவிட்டு, "சார் எப்படிம்மா இருக்காங்க?" என்று கேட்டார். அந்த நிலைமையில் அதைக் கேட்டார்.

ஜனாஸாவை ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்கள் வீட்டுக்குள்ளேயே நின்றோம். தெரு திரும்பியதும் ஒன்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முரளி கேட்டார். "மண்ணு போட்டாச்சா?"

"தெரியலைங்க. நான் அங்க போகல."

"சரி."

பாய்... நல்லபடியா போயிட்டு வாங்க. எங்களால் கடைசிவரை கூட வர முடியவில்லை. இரண்டு பேரும் இங்கே இருந்தே சொல்கிறோம்.