அயர்லாந்துப் பெட்டையும் பாலையூற்று ரீச்சரும்

கவிதை படிப்பித்துச் சோறு தின்கிற ஆக்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரியவேணும்: நாங்கள் ஒன்றை விளக்க, வகுப்பு வேறொன்றைக் கேட்கும்.

திருகோணமலைத் துறைமுகப் பக்கம் ஒரு மாடி அறை. வெளிவாரிப் பட்டத்துக்குப் படிக்கிற பெரிய ஆக்களுக்குச் சனிக்கிழமைகளில் நவீன ஐரிஷ் கவிதை எடுக்கிறேன். பக்கத்தைப் புரட்டினால் யாரோ ஒரு பெட்டை வேண்டாத பிள்ளையைச் சுமந்துகொண்டு நிற்பாள்.

மிட்வைஃப் எங்கே?

அன்றைக்கு எடுத்த கவிதையில் வந்தவள் ஊருக்குப் பயந்து, தகப்பனின் கோட்டைப் போட்டு வயிற்றை மறைக்கிறாள். அந்தக் கோட்டு எதன் குறியீடு, சமயமா சமூகமா என்று கரும்பலகை முழுக்க எழுதித் தள்ளினேன். கிண்ணியாவில் மிட்வைஃப்பாக வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளைப் பார்க்கும் றிஸானாவுக்குப் பொறுக்கவில்லை.

"அது கிடக்கட்டும் சேர், அந்தப் பிள்ளையை ஒருத்தரும் கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போகல்லையா? என்ட ஏரியாவா இருந்தா எப்பவோ வீட்டுக்குப் போயிருப்பன்!"

ரீச்சர் எழும்பினா

பாலையூற்றுப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் பவானி ரீச்சரும் மகள் அபியும் ஒன்றாகத்தான் வருவார்கள். ஒரே பட்டம், ஒரே வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள். அபிக்கு ஆவணியில் கலியாணம். வகுப்பில் வாயே திறக்காத ரீச்சர் அன்று விசுக்கென்று எழும்பினா. எனக்கோ பெரிய புளுகம், சந்தோசத்தில் துள்ளினேன், கவிதை வேலை செய்யுது என்று.

"அவளுக்கென்ன சேர், சின்னப் பெட்டை, தெரியாமச் செய்திட்டன் எண்டு சொல்லலாம். மகளுக்குக் கலியாணம் வைச்சிருக்கிற நாற்பத்தி மூண்டு வயசுக்காரி என்னத்தைச் சொல்லுறது?"

முன்வரிசைக் கதிரை

ரீச்சர் சீலைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டு அழத் தொடங்கினா. "பிள்ளை வேண்டாமெண்டில்லையடி, மாப்பிள்ளை வீட்டாருக்கு முகம் காட்ட ஏலாமக் கிடக்கு" என்று மகளிடம் சொன்னா. தாய் கர்ப்பம் என்பது அபிக்கே அப்போதுதான் தெரியும். நான் விசரன், பதட்டத்தில் "அடுத்த பக்கத்தைப் பார்ப்பம்" என்றேன். றிஸானா முறைத்த முறையில் கதிரையோடு ஒட்டிப்போனேன்.

அபி தாயின் கையைத் தலைப்பிலிருந்து எடுத்துத் தன் மடியில் வைத்தாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது, பொய் சொல்வானேன்.

"கலியாணத்தில நீங்க வாசல்ல பன்னீரோட நிக்க வேண்டாமம்மா. முன்னுக்குக் கதிரை போட்டு வடிவா இருங்கோ. பாக்கிறவை பாக்கட்டும்."

கவிதை படிப்பிக்கிறவன் முதலில் படிக்கவேண்டியது வாயை மூடிக்கொண்டு இருக்க. அந்தப் பாடத்தில் நான் இன்னும் பெயில்தான்.