தாஷ்னியாம் ஊற்றிய கெட்டி ஆயில்

தாஷ்னியாமுக்கு இந்த உலகத்தில் உருப்படியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், லாரி ஓட்டுவது. ஆடு அறுக்கக் கூப்பிட்டால் குடலைக் கிழித்து ரத்தத்தை வீணாக்குவார். பெண்டாட்டியிடம் நல்லதாக நாலு வார்த்தை பேச வராது. ஆனால் நிலக்கரி ஏற்றிய பழைய ரஷ்ய லாரியைக் கொடுத்து, நடுப்பனிக்காலத்தில் கணவாயைத் தாண்டு என்றால் பாட்டுப் பாடிக்கொண்டே தாண்டுவார். அந்த ஒன்றில் யாராவது குறை சொன்னால் மட்டும் மனிதருக்குப் பொறுக்காது. ஒன்றே ஒன்று வைத்திருப்பவன் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டுதானே இருப்பான்.

அந்தக் காலத்து லாரிக்காரர்கள் ராத்திரி வண்டியை நிறுத்தியதும் எஞ்சின் ஆயிலைத் தகர டின்னில் வடித்து வீட்டுக்குள் கொண்டுவந்து அடுப்போரம் வைப்பார்கள். காலையில் சூடாக்கித் திரும்ப ஊற்றினால்தான் வண்டி உறுமும். வடிக்காமல் விட்டவன், தட்டு நிறையச் சாணி நெருப்பை எஞ்சினுக்கு அடியில் தள்ளிவிட்டு நிற்பான். கல்யாணமாகி வந்த புதிதில் அவர் பெண்டாட்டி ஹந்தா அந்த டின்னைச் சூப் என்று நினைத்துக் கரண்டி விட்டுக் கிளறியிருக்கிறாள்.

"இந்தாளுக்குப் பக்கத்துல நான் படுத்ததைவிட ஆயில் டின்னு படுத்ததுதான் அதிகம்" என்பாள் அவள், யார் வீட்டுக்கு வந்தாலும்.

லாரிக் கம்பெனியை மூடினார்கள். தாஷ்னியாம் பென்ஷனோடு, தலைநகர் உலான்பாதரின் மேட்டில் பலகை வேலிக்குள் இருந்த கூடார வீட்டில் வந்து உட்கார்ந்தார். பகலெல்லாம் தூங்குவது, சாயங்காலம் வேலியோரம் நின்று போகிற வண்டிகளைத் திட்டுவது, இதுதான் பிழைப்பு. அவரைத் தூக்கிவிட்டது மகள் ஒத்கோனின் கல்யாணம். மாப்பிள்ளையின் பெயர் தாமிர், சுரங்கக்காரர்களுக்கு இயந்திரம் விற்பவன். நல்ல பையன்தான், பணம் இருந்தும் தலை கனக்கவில்லை. வெள்ளைத் தோல் சீட்டும் கறுப்புக் கண்ணாடியுமாக, கூடாரத்தில் பாதி அளவுக்கு ஒரு சொகுசு எஸ்யூவி வாங்கினான். வியாபார விருந்தில் குடித்துவிட்டு ஓட்ட முடியாது என்பதால் மாமனாரைக் கூப்பிட்டான்.

"மாமா, வெளியாளை நம்ப மாட்டேன். நீங்க ஓட்டுங்க." சாவியை மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான்.

அன்றைக்குத் தாஷ்னியாம் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய தோல் தொப்பியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதுகு நிமிர்ந்தது. வேலியோரம் நிற்பதை விட்டுவிட்டார். இப்போது வேலியோரம் நின்றவர்கள் அவரைப் பார்த்தார்கள்.

இலை உதிர ஆரம்பித்ததும் ஆயில் மாற்றும் நேரம் வந்தது. "ஆயில் ஊத்துற மூடியிலயே எழுதியிருக்கு மாமா, அதையே ஊத்தச் சொல்லுங்க" என்று தாமிர் பணம் கொடுத்தான்.

வண்டிச் சாமான் சந்தையில் கப்பல் சரக்குப் பெட்டிகளையே கடையாக வைத்து வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அதில் நோரோவ் என்பவள் ஆயில் விற்கிறாள். வண்டிப் பெயரைக் கேட்டதுமே ஒரு கேனை எடுத்து வைத்தாள். பூஜ்யம் இருபது என்று போட்டிருந்தது. தாஷ்னியாம் மூடியைத் திறந்து ஒரு சொட்டைக் கட்டைவிரலில் விட்டு ஆள்காட்டி விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"என்னம்மா இது, தண்ணியா? தையல் மிஷினுக்கு ஊத்துறதை எடுத்துக் குடுக்கிற!"

"ஐயா, இந்த எஞ்சினுக்கு மெல்லிசுதான். உள்ள சந்து பொந்தெல்லாம் முடி கனம்தான் இருக்கும். முன்னாடி இருக்கிற நம்பர் குளிருக்கு. அது சின்னதா இருந்தாத்தான் நம்ம ஊர்க் குளிர்ல உறையாம ஓடும்."

"எனக்கு நம்பர் சொல்லித் தர்றியா? நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே ஆயில்ல குளிச்சவன் நான்."

"நான் பொறக்கிறதுக்கு முன்னாடி இந்த வண்டியும் பொறக்கலையே ஐயா!"

பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் கெடுத்தது. அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் கிழவர் முணுமுணுத்துக்கொண்டே அதை வாங்கிப் போயிருப்பார். இப்போது காது சிவந்துவிட்டது. மேல் தட்டில் தங்க நிறக் கேன் ஒன்றைக் கைகாட்டினார்.

"அது என்ன?"

"இருபது ஐம்பது. தேன் மாதிரி இருக்கும். பாலைவனத்துச் சூட்டுல ஓடுற வண்டிக்கு. இங்க வெயில்காலத்துல பந்தயம் விடுற நாலு பேர் வாங்குவாங்க. விலையும் ஜாஸ்தி. உங்களுக்கு வேணாம்."

விலை ஜாஸ்தி என்பது மட்டும் அவர் காதில் விழுந்தது. இவ்வளவு பெரிய வண்டிக்கு இவ்வளவு மலிவான தண்ணீரா? மாப்பிள்ளை கொடுத்தது போதவில்லை. ஹந்தாவுக்குக் கம்பளிப் பூட்ஸ் வாங்க பென்ஷனிலிருந்து எடுத்து மடித்து வைத்திருந்ததை மார்புப் பையிலிருந்து உருவினார்.

"வேணாம்னு சொன்னேன், இத்தனை பேரும் கேட்டாங்க. நாளைக்கு என் கடை முன்னாடி வந்து நின்னு கத்தக்கூடாது" என்றாள் நோரோவ்.

"கத்துறது பொம்பளைங்க வேலை" என்று கேனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பணிமனைப் பையன்களை நம்பாமல் தானே படுத்து, தானே வடித்து, தானே ஊற்றினார்.

வீட்டில் ஹந்தா கேட்டாள். "என் பூட்ஸ் எங்கய்யா?"

"அடுத்த மாசம்."

"உன் மாப்பிள்ளை வண்டிக்கு வயிறு நிறைய, எனக்குக் கால் விறைக்க. நல்ல நியாயம்." கேனைப் பார்த்தே அவளுக்கு விஷயம் விளங்கிவிட்டது.

தாமிரின் வண்டி அடுக்கு மாடிக்குக் கீழே சூடான கராஜில் தூங்குகிற வண்டி. பனிக்காலம் வந்தும் அதற்குக் குளிர் என்றால் என்ன என்று தெரியாது. கெட்டி ஆயிலில் எஞ்சின் சத்தம்கூடக் கொஞ்சம் அடங்கித்தான் போனது. "வண்டி முன்னைவிட அமைதியா ஓடுது மாமா. என்ன பண்ணினீங்க?" என்று ஒருநாள் தாமிரே கேட்டான். தாஷ்னியாம் கண்ணாடியைத் துடைத்தார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு இரண்டு மாதம் சாப்பிட்டார், தூங்கினார், பெண்டாட்டியிடம்கூடச் சிரித்துப் பேசினார்.

வெள்ளை மாதப் புத்தாண்டுப் பண்டிகைக்கு எல்லோரும் ஆர்காங்காய் மாகாணத்தில் இருக்கும் தாமிரின் தாயார் வீட்டுக்குப் போனார்கள். ஏரி போல் விரிந்த வெள்ளைச் சமவெளியில் மூன்று கூடாரம், ஒரு மாட்டுக் கொட்டில். எச்சில் துப்பினால் தரையில் டக்கென்று கல்லாக விழும் குளிர். படுக்கப்போகும்போது தாமிர் கேட்டான்.

"மாமா, ராத்திரி நடுவுல ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி வைக்கணுமா?"

"நான் இருக்கும்போது உனக்கென்ன மாப்பிள்ளை? போய்த் தூங்கு."

காலையில் முதல் மரியாதை தாமிரின் மூத்த தாய்மாமனுக்கு. அவர் கூடாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம். எல்லோரும் புதுப் பட்டு அங்கி போட்டுக்கொண்டு, ஆட்டு வால் கொழுப்பும் ரொட்டி அடுக்கும் கட்டிக்கொண்டு நின்றார்கள். வழி நல்லபடி அமையச் சம்பந்தியம்மா வண்டிச் சக்கரத்தில் பால் தெளித்தாள். தாஷ்னியாம் ஏறி உட்கார்ந்து பொத்தானை அமுக்கினார். வண்டி சாகப்போகிற மாடு மாதிரி ஒரு முனகல் முனகி அடங்கியது. மறுபடி அமுக்கினார். முனகல்கூட வரவில்லை.

தாமிரின் சித்தப்பா மகன் ஒருவன் இருந்தான், துருப்பிடித்த சின்னக் காரின் மூக்கில் பழைய ரஜாயைப் போர்த்தி வைத்திருந்தான். ரஜாயை உருவினான், சாவியைத் திருகினான், கார் கிளம்பிவிட்டது.

"என்ன மாமா, உங்க யானைக்கு இன்னும் பொழுது விடியலையா?" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். சந்தையில் கேட்ட அதே சிரிப்பு. தாஷ்னியாம் வேறு எதையும் யோசிக்கவில்லை. அடுப்பிலிருந்து சாணி நெருப்பைத் தட்டில் வாரிக்கொண்டு வந்தார்.

"மாமா, அடியில பிளாஸ்டிக் இருக்கு!" என்று தாமிர் ஓடி வந்தான்.

"தள்ளு. இதையெல்லாம் நீ பார்த்ததில்லை."

தட்டை உள்ளே தள்ளினார். கொஞ்ச நேரத்தில் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். கறுப்பாக ஏதோ சொட்டியது. அவர் அதற்குள் அந்தச் சின்னக் காரின் பேட்டரியிலிருந்து வயர் இழுத்துக் கொடுத்து, ஏறி அமுக்கினார். வண்டி கிளம்பியது! கிழவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். பழைய லாரியை எழுப்புவது போல ஓங்கி மிதித்தார். முன்னால் ஆயில் ஏறவில்லை என்று சிவப்பு விளக்கு எரிந்தது. பார்க்கவில்லை. உள்ளே யாரோ சுத்தியலால் அடிப்பது போல டக் டக் என்று கேட்டது, பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவர் இறங்கியபோது தாமிர் பனியை அள்ளிப் போட்டு நெருப்பை அணைத்துக்கொண்டிருந்தான். முழங்கால் வரை புதுப் பட்டு கரி.

ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவர்கள் துருப்பிடித்த காரில் நெருக்கி உட்கார்ந்து போனார்கள். தாஷ்னியாம் வரவில்லை என்று சொல்லிவிட்டார்.

வண்டியை இன்னொரு லாரியில் ஏற்றி உலான்பாதருக்குக் கொண்டுவந்தார்கள். எஞ்சின் போச்சு, பிரயோஜனமில்லை என்றான் மெக்கானிக். அடியிலிருந்து வடித்த ஆயிலை வெளியே வைத்துக் காட்டினான், அது ஆறிப்போன ஆட்டுக் கொழுப்பாக உறைந்து நின்றது. கொஞ்ச நாள் கழித்துத் தாமிரும் ஒத்கோனும் மேட்டு வீட்டுக்கு வந்தார்கள். ஹந்தா பால் டீ ஊற்றினாள். வெடித்துப்போன பூட்ஸ் மகள் கண்ணில் படாமல் காலைக் கட்டிலுக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

தாமிர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"மாமா, ஒண்ணு கேக்கணும். கடைக்காரங்க ஏமாத்திட்டாங்களா? எந்தக் கடைன்னு சொல்லுங்க, நான் பேசிக்கிறேன்."

நோரோவின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. அவள் சொன்னதை ஒரு கடை வரிசையே கேட்டிருக்கிறது என்பதும் கூடவே வந்தது. விழுங்கிவிட்டார்.

"இல்லேன்னா, இந்த வண்டிக்கு எது ஊத்தணும்னு உங்களுக்குத் தெரியாம..." தாமிர் இழுத்தான். "தெரியலேன்னா பரவாயில்லை மாமா. இது புது மாதிரி வண்டி. யாருக்குமே தெரியாதுதான்."

எத்தனை நல்ல பையன் பாருங்கள். கீழே விழுந்தவன் மேல் ஜமுக்காளம் போர்த்துவது போலச் சொன்னான். அதுதான் தாஷ்னியாமுக்குத் தாங்கவில்லை.

"தெரியாமயா? எனக்கா?" என்று எழுந்துவிட்டார். "எல்லாம் தெரியும். மட்டமானதா மலிவுல வாங்கினேன். மிச்சக் காசுக்குக் குடிச்சிட்டேன். போதுமா?"

ஒத்கோன் தலையைக் குனிந்துகொண்டாள். ஹந்தா வாயைத் திறந்தாள். புருஷன் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே அப்படி மூடிக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

"தேவைன்னா என்கிட்ட கேட்டிருக்கலாமே மாமா" என்றான் தாமிர், மெதுவாக. சாவிக்காகக் கையை நீட்டினான். ஒரு கையைத்தான் நீட்டினான்.

அவர்கள் போனதும் ஹந்தா பிடித்துக்கொண்டாள்.

"யோவ், உனக்குத் திருடத் தெரிஞ்சிருந்தா நாப்பது வருஷத்துல எனக்கு ஒரு செங்கல் வீடு கட்டியிருக்க மாட்டியா? என் பூட்ஸ் காசையும் போட்டுத்தானே அந்தக் கருமத்தை வாங்கின?"

"திருடன்னு சொல்லட்டும். போறான். ஆயில் தெரியாத டிரைவர்னு சொல்லிடக் கூடாது."

"இப்ப ஊருக்கு நீ திருடன். அவனுக்கு நீ டிரைவரும் இல்லை. ரெண்டையும் நல்லாச் சம்பாதிச்சே."

அதன் பிறகு ஒத்கோன் பணம் கொடுத்தால் அம்மா கையில்தான் கொடுப்பாள், அதுவும் அப்பா வெளியே போன நேரம் பார்த்து. அடுத்த பண்டிகைக்குப் புது வண்டி வந்தது, புது டிரைவரும் வந்தான். தாஷ்னியாமைக் கையைப் பிடித்து ஏற்றிப் பின் சீட்டில், நல்ல இடத்தில், பெரிய மனுஷனுக்கு வைப்பது போல வைத்தார்கள். தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு வழியெல்லாம் டிரைவரின் கையையே பார்த்துக்கொண்டு வந்தார். மேட்டில் ஏறும்போது முன்னால் குனிந்தார்.

"தம்பி, இதுக்கு என்ன ஆயில் ஊத்துற?"

"மூடியில எழுதியிருக்கிறதுதான் ஐயா."

"அது வெறும் தண்ணி..." என்று அவர் ஆரம்பித்தார். ஹந்தா புதுப் பூட்ஸ் காலால் அவர் காலை ஓங்கி மிதித்தாள். முன் சீட்டில் தாமிர் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தான்.