ஆறு எண்ணுக்காகக் கடற்கரைக்கு

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். அதிலும் இயந்திரம் என்றால் ஒரு திருகாவது இருக்கவேண்டும், கழற்றிப் பார்க்கவேண்டும். அப்படித்தான் என் பிழைப்பு முழுவதும் ஓடியது. கணினியில் எதைக் கழற்றுவது? அன்று காலை ஜொகூர் மாநிலக் கூலாயில் எங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து, மின்னஞ்சல் செயலியில் ஒரே கடவுச்சொல்லை ஏழாவது முறையாக அடித்தேன். ஏழாவது முறையும் தவறு என்றே சொன்னது.

"மேசையத் தட்டுனா தொறந்துக்குமா?" என்று அடுப்படியிலிருந்து மனைவி கேட்டாள்.

விஷயம் இதுதான். சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் வைத்திருந்த மின்னஞ்சல் கணக்கை, ஓய்வுபெற்ற பிறகு நான் திறக்கவே இல்லை. பயன்படுத்தாத கணக்கை மாதக் கடைசியில் மூடிவிடுவோம், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்று என் இன்னொரு முகவரிக்கு அறிவிப்பு வந்தது. பழைய வேலைச் சான்றிதழ்கள் அதில் மாட்டிக்கொண்டிருப்பதாக மனைவியிடம் சொல்லியிருந்தேன். அது பொய். உள்ளே இருந்தவை அவள் எழுதிய கடிதங்கள்.

நான் வேலை பார்த்த தொழிற்சாலையில் கேமரா உள்ள கைப்பேசியை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்குள் போனால், வேலை முடிந்து வெளியே வரும்வரை வீட்டுச் சேதி எதுவும் தெரியாது. அவள் அப்போது பக்கத்து ஊர் செனாயில் ஓர் அலுவலகத்தில் கிராணி, கடிதம் அடிப்பதும் கோப்பு சரிபார்ப்பதும் வேலை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எனக்கு நாலு வரி அடித்து அனுப்புவாள், தமிழை ஆங்கில எழுத்தில். சின்னவளுக்குக் காய்ச்சல் விட்டுருச்சு. மாடியில காயப்போட்ட துணியெல்லாம் நனைஞ்சிருச்சு. இங்க மழை. கடைசி வரி மட்டும் எந்நாளும் மாறாது: மெதுவா வாங்க.

தேநீர் வேளையில் எங்கள் அறையின் பொதுக் கணினியில் அதைப் படிப்பேன். பதில் எழுதமாட்டேன். முதுகுக்குப் பின்னால் நாலு பேர் வரிசையில் நிற்பார்கள். ஒருவன் பெண்டாட்டிக்குப் பதில் அடித்ததைப் பார்த்து ஒரு வாரம் அவனை ஓட்டித் தள்ளினார்கள். அப்படி ஓட்டியவர்களில் நானும் ஒருவன். சாயங்காலம் வீட்டுக்குத்தானே போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இப்படியே பல வருஷம் போயிற்று. அவளும் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

அந்தக் கடிதங்களை என் கணினியிலேயே இறக்கி வைத்துக்கொள்ளலாம் என்றுதான் செயலியோடு மல்லுக்கட்டினேன். உதவிப் பக்கத்தைப் பொறுமையாகப் படித்த பிறகு புரிந்தது. செயலிக்கென்று தனிக் கடவுச்சொல் வாங்கவேண்டும். அதை வாங்க, என் கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணைக் கொடுக்கவேண்டும். நான் பதிந்து வைத்திருந்ததோ சிங்கப்பூர் எண்.

பாலம் தாண்டி வேலை பார்த்தவர்கள் வீட்டில் அந்தப் பக்கத்து சிம் கார்டு ஒன்று எப்போதும் இருக்கும். வேலையை விட்டாலும் அதை விட மனம் வராது, காசு போட்டு உயிரோடு வைத்திருப்போம். என்னுடையது பிஸ்கட் டின்னில், எல்லை முத்திரை குத்திய பழைய கடப்பிதழ்களுக்கு நடுவில் கிடந்தது. கூலாயில் அதற்கு சிக்னல் அலை கிடைக்காது. ஆனால் எதிரே சிங்கப்பூர் தெரியும் ஜொகூர் பாரு கடற்கரையில் நின்றால், பாலம் தாண்டாமலே சிங்கப்பூர் அலை பிடிக்கும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வித்தை.

கணினியில் 'எண்ணை அனுப்பு' என்பதை அமுக்கினேன். சிம்மைப் பழைய கைப்பேசியில் போட்டுக்கொண்டு காரை எடுத்தேன். நெரிசலில் நெளிந்து கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்ததும், சட்டைப்பையில் டிங் என்றது. ஆறு எண்ணும் முத்து முத்தாக இருந்தன. வெற்றி வீரனாக வீடு திரும்பி அதை அடித்தேன். காலாவதியாகிவிட்டது என்றது கணினி.

"அலமாக்! பத்து நிமிஷத்துக்குத்தான்னு அங்கயே போட்டிருக்கே, பாக்கலையா?" என்று மனைவி திரையைத் தொட்டுக் காட்டினாள்.

எச்சரிக்கைப் பலகை படிக்காமல் ஒரு பொத்தானையும் தொடாதே என்று தொழிற்சாலையில் புதிதாக வருகிறவர்களையெல்லாம் திட்டிக்கொண்டிருந்தவன் நான். அவள் சிரித்து முடித்துவிட்டு வழி சொன்னாள். "பசியாறிட்டு மறுபடி போங்க. நான் இங்க உக்காந்து அமுக்குறேன். நீங்க நம்பரச் சொல்லுங்க, நான் அடிக்கிறேன்."

இரண்டாம் முறை கடற்கரையில் நின்றபோது என் கோலத்தைப் பார்த்து, தூண்டில் போட்டுக்கொண்டிருந்த ஒருவர் சிரித்தார். ஒரு கையில் மனைவியோடு பேசும் கைப்பேசி. மறு கையில் பழைய கைப்பேசி, சிங்கப்பூர்ப் பக்கமாக நீட்டியபடி. அவள் அமுக்கினாள். எண் வந்தது. படித்தேன். தனிக் கடவுச்சொல் கிடைத்துவிட்டது, அதைச் செயலியில் போட்டுவிட்டேன் என்றாள். அதற்குப் பிறகு அவள் எதையோ அமுக்கும் டிக் டிக் சத்தம்தான் கேட்டது.

"என்னாச்சு?"

"வருது. வந்துகிட்டே இருக்கு." பிறகு, "என்னங்க, இதெல்லாம் நான் எழுதுனது" என்றாள்.

"ஆமா."

"சர்ட்டிபிகேட்டுன்னு சொன்னீங்க?"

"அதுவும் எங்கயாச்சும் இருக்கும் லா."

"ஒண்ணையும் அழிக்கலையா?"

"ஒண்ணையும் அழிக்கல."

"பதில்தான் ஒண்ணுக்கும் வரல" என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள், அதுதான் சுருக்கென்றது. எதிர்க்கரையைப் பார்த்தபடி பழைய கைப்பேசியை அணைத்துச் சட்டைப்பையில் போட்டேன். வெட்கமாக இருந்தது. கடிதங்கள் பிழைத்ததில் சந்தோஷமாகவும் இருந்தது. "சரி, மெதுவா வாங்க" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்தபோது கடிதங்கள் திரை நிறைய வரிசையாக நின்றன. அவள் சமையலுக்குப் போயிருந்தாள். "வர்றது சரி, போறதும் வேல செய்யுதான்னு பாத்துருங்க" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தாள். கிராணி புத்தி போகவில்லை. எனக்கு நானே ஒன்று அனுப்பிப் பார்த்தேன். போகவில்லை. இந்த முறை மேசையைத் தட்டாமல் அமைப்புகளைத் திறந்து வரிவரியாகப் படித்தேன். வரும் கடிதத்துக்கு ஒரு பெட்டி, போகும் கடிதத்துக்கு இன்னொரு பெட்டி. அவள் முதல் பெட்டியில் மட்டும் புதிய கடவுச்சொல்லைப் போட்டிருந்தாள். இரண்டாவதில் நான் காலையில் அடித்த பழையதே கிடந்தது. மாற்றினேன்.

சோதித்துப் பார்க்க ஒரு கடிதம் வேண்டும். அவளுடைய கடிதங்களில் ஆகப் பழையதைத் திறந்தேன். இங்க மழை, மெதுவா வாங்க என்று முடிந்திருந்தது. அவள் இன்றும் அதே முகவரியைத்தான் வைத்திருக்கிறாள். 'பதில்' என்பதை அமுக்கினேன். என் முதுகுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. அப்படியும் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டேன். அவள் எழுதுவதுபோலவே ஆங்கில எழுத்தில் ஒரே ஒரு சொல் அடித்தேன்: வந்துட்டேன்.

எந்தத் தகராறும் இல்லாமல் போயிற்று. அடுப்படியில் அவள் கைப்பேசி ஒலித்தது. திறந்திருந்த தண்ணீர்க் குழாய் நின்றது. அவள் எட்டிப் பார்ப்பாள், ஏதாவது சொல்லிக் கிண்டல் செய்வாள் என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வரவில்லை. திரையில் எல்லாக் கடிதங்களுக்கும் மேலே புதிதாக ஒன்று வந்து உட்கார்ந்தது.

சோறு ஆறுது. சீக்கிரம் வாங்க.