வானம் உடையாத இடம்

என் மகளின் இங்கிலீஷ் பாடத்தில் ‘பிட்ஃபால்’ என்று ஒரு சொல் வந்தது. மேலே மூடி மறைத்த குழி என்று ஓர் அர்த்தம். தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளும் ஆபத்து என்று இன்னொன்று. எது சரி என்று கேட்டாள். நான் அதிகம் படித்தவனில்லை. ஆனால் இரண்டையும் ஒரே இடத்தில் பார்த்திருக்கிறேன்.

அப்போது எங்கள் வீடு ஸ்ரீரங்கத்தில், கொள்ளிடக் கரையோரம். கோடையில் ஆறுதான் எங்கள் கிரிக்கெட் மைதானம். பக்கத்திலேயே அப்பா மாட்டுவண்டியில் மணல் அள்ளுவார். அவரும் மற்ற வண்டிக்காரர்களும் அள்ளிய குழிகளில் அக்காவும் நானும் குதித்து ஒளிந்து விளையாடுவோம். அக்கா நின்றால் தலை தெரியாது.

ஒருநாள் மேலே முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்தார்கள். மறுநாள் அத்தை துணி துவைக்கப் போனபோது நாங்களும் ஒட்டிக்கொண்டோம். ஆற்றைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் தண்ணீர் சலசலத்து ஓட, எங்கள் மைதானத்தின் பக்கம் மட்டும் ஓசையே இல்லை. ஒரு மேகம்கூட உடையாமல் வானம் முழுசாக அங்கே படுத்திருந்தது. குழிகளையெல்லாம் ஆறே மணல் போட்டு நிரப்பி, மேலே பூசி மெழுகிவிட்டது என்று நம்பினோம்.

“பிட்ச் வரைக்கும் போயிட்டு வந்துடலாம்டா. முட்டி அளவுதான் இருக்கு” என்று அக்கா முன்னால் நடந்தாள். வானத்தில் காலை வைத்தாள். அவ்வளவுதான், ஆளைக் காணோம். மேகங்கள் கொஞ்சம் ஆடிவிட்டு மறுபடி ஒன்று சேர்ந்தன.

நான் போட்ட சத்தத்தில் அத்தை ஓடிவந்து, கையிலிருந்த ஈரப்புடவையை வீசினார். “புடவையப் புடிடி, விட்றாத.” ஒரு கை மேலே வந்து பிடித்துக்கொண்டது.

கரையில் இருமிக்கொண்டே அக்கா, அங்கே தரை இருந்ததே என்றாள். “உனக்குன்னு ஆறு சிமென்ட் போட்டா வச்சிருக்கும்?” என்று திட்டியபடி அத்தை தலை துவட்டினார்.

சத்தம் கேட்டு அப்பா மூச்சிரைக்க ஓடிவந்தார். “எந்த எடம்டா?”

எனக்குத்தான் தெரியும் என்ற பெருமையில் கையை நீட்டினேன். “அதோ அங்கப்பா. நீங்க மண்ணு அள்ளுவீங்கல்ல, அந்த எடம்.”

அப்பா ஈர மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஓடிவந்த களைப்பு என்று நினைத்தேன்.

தண்ணீர் வடிந்தபின்னும் எங்கள் வண்டி ஆற்றில் இறங்கவில்லை. மாடுகளுக்கு லீவு விட்டாச்சு என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.