கல்யாணியின் கடைவாய்ப் பல்

வங்காளத்துப் பவானிபூர் சந்தில் ஜெய்ராமும் அவர் மனைவி கல்யாணியும் நடத்துகிற பலகாரக் கடையில் கடலை மிட்டாய்தான் பேர்போனது. வெல்லப்பாகு கிளறுவது கல்யாணியின் கை; பதம் பார்ப்பது அவள் பல். ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு, உருட்டி, கடைவாயில் வைத்துக் கடிப்பாள். ‘டக்’கென்று உடைந்தால் இறக்கலாம். பல்லில் ஒட்டினால் இன்னும் கொதிக்க வேண்டும். ஈட்டுக்கு மூன்று கடி, நாளைக்குப் பத்து ஈடு. இருபத்திரண்டு வருஷமாக இதே பாடு.

இடப்பக்கத்துக் கடைவாய்ப் பற்கள் ஒவ்வொன்றாகப் போயின. வலப்பக்கம் வைத்து மென்று வந்தாள். இப்போது அங்கேயும் ஒன்றில் குழி. கிராம்பை வைத்து அடைத்தாள். வலி அடங்கியது, குழி அடங்கவில்லை. அதுவும் போனால் கஞ்சிதான் கதி.

பூஜைப் பண்டிகைக் கூட்டம் கடையில் ஓய்ந்த மறுநாள், அசந்த உடம்போடு பல் டாக்டரம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

“தினம் காலையில கால் மணி நேரம் தேய்க்கிறேன். பலகாரம் தொடறதே இல்ல. எனக்கு எப்படிச் சொத்தை வரும்?” என்று வங்காள மொழியில் சண்டை பிடித்தாள்.

“தீதி,” என்று அக்கா முறை வைத்தார் டாக்டரம்மா, “ஒரு நாளைக்கு எத்தனை தடவை இனிப்பு வாயில படுது?”

“பதம் பாக்க ஒரு முப்பது தடவை. அது தின்கறதா? வேலை!”

“பல்லுக்கு அது தெரியுமா, தீதி?”

இனிப்பு பட்டதும் வாய்க் கிருமிகள் புளிப்பைக் கக்குமாம். அது அரை மணி நேரம் பல்லை அரிக்குமாம். எச்சில் ஊறி அதை ஆற்றுவதற்குள் கல்யாணி அடுத்த கடி கடித்துவிடுகிறாள்.

“சொத்தை இன்னும் வேரைத் தொடல, அடைச்சிடலாம். ஆனா திரும்பக் கடிச்சா, அடைச்சதைச் சுத்தியே அரிக்கும். படுக்கறதுக்கு முன்னாடியும் தேய்க்கணும்.”

பல்லை அடைத்துக்கொண்டு வந்த மறுநாள் அடுப்படியில், உருட்டிய பாகு பழக்கத்தில் வாய்வரை போய்விட்டது. கையை இழுத்து, சத்தத்தில் பதம் பார்க்க எவர்சில்வர் தட்டில் எறிந்தாள். ‘தொப்’.

“என்னடி, பாகுக்கே பயந்துட்டியா?” என்றார் ஜெய்ராம்.

“நீங்க வந்து கடிங்களேன். உங்களுக்குத்தான் முப்பத்திரண்டும் முழுசா இருக்கே!”

அவர் கடலை புடைக்கப் போய்விட்டார். அவள் இன்னும் கொஞ்சம் கிளறி, மறுபடி எறிந்தாள். ‘டங்’. இறக்கினாள்.

அன்று கடை சாத்தியபோது கால் இரண்டும் கல்லாய்க் கனத்தன. பாயில் சாய்ந்தவள் முனகிக்கொண்டே எழுந்தாள்.

“நாள்பூரா உழைச்சது நான். இந்தப் பல்லுக்கும் நானே ஓவர்டைம் பாக்கணும்,” என்றபடி பிரஷ்ஷை எடுத்தாள்.