மட்டக்கம்பில் மூன்று வெட்டு

தேயிலைத் தோட்டத்துத் தபால்காரன் மாயாண்டிக்கு ஹட்டனுக்குப் போக ஆறு மைல், வர ஆறு மைல். பஸ்ஸுக்குத் தோட்டம் காசு கொடுக்காது; தினமும் வெறுங்கால் நடை. இதை அவன் யாரிடமும் சொல்லிக்கொள்ள மாட்டான்; அவனுக்கும் சேர்த்து அக்கா பேச்சியம்மா சொல்லிவிடுவாள். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான். ஆனாலும் அவள் எடுத்த அளவு பிசகியதாக லயத்து வரிசை வீடுகளில் ஒருவரும் சொன்னதில்லை.

பழைய துரை சீமைக்குப் போகும்போது விட்டுப்போன மோட்டார் சைக்கிள் ஒன்று கொழுந்து அரைக்கும் ஸ்டோருக்குப் பின்னால் துருவேறிக் கிடந்தது. யுத்தத்துக்கு முந்திய வண்டி. மாயாண்டி எட்டு மாதம் ஞாயிறு தவறாமல் அதைப் பிரித்தான், துடைத்தான், பூட்டினான். அறுபத்தொன்றாம் வருடம் தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அது இருமி, தும்மி, ஓடியேவிட்டது. அன்று பேச்சியம்மா லயம் முழுவதற்கும் சீனி போட்டுத் தேத்தண்ணி கொடுத்தாள்.

தோட்டத்து ஆட்களை மேய்க்கும் பெரிய கணக்கப்பிள்ளை சின்னராசா மட்டும் மசியவில்லை.

"திங்கக்கிழமை பழைய இரும்புக்காரன் லாரி வருது மாயாண்டி. அன்னிக்கு விடியக்காலம் பேர் கூப்புடுற பெரட்டுல எல்லாரும் பாக்க லைட்டு எரியணும், ஹாரன் அடிக்கணும், வண்டி ஸ்டோர ஒரு சுத்து சுத்தி வரணும். வந்துச்சுன்னா தபாலுக்கு ஒனக்கு. வரலேன்னா லாரிக்கு."

அந்த வண்டியின் இஞ்சின் பாட்டரி இல்லாமலே ஓடும். லைட்டுக்கும் ஹாரனுக்கும்தான் பாட்டரி வேண்டும். இருந்த பாட்டரியோ உப்புப் பூத்து எப்போதோ செத்துப்போயிருந்தது.

புதுசு வாங்க அளவெடுக்கும் வேலையைப் பேச்சியம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. கொழுந்து பறிக்கும்போது செடித் தலையின் மட்டம் பார்க்கப் போடுவார்களே, அந்த மட்டக்கம்பைக் கொண்டுவந்து, சீட்டுக்கடியில் பாட்டரி உட்காரும் பெட்டியில் மூன்று தடவை வைத்துப் பார்த்தாள். நீளத்துக்கு ஒரு வெட்டு, அகலத்துக்கு ஒரு வெட்டு, உயரத்துக்கு ஒரு வெட்டு. சனிக்கிழமை மத்தியானம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துச் சுவரில் மற்றப் பெண்களின் கம்புகளோடு அதையும் சாத்தினாள். நிறுவை முடிந்ததும் மூன்று வெட்டுக் கம்பை எடுத்துக்கொண்டு வீடு வந்தாள்.

ஞாயிறு காலை அக்காவும் தம்பியும் ஹட்டனில் குணரத்தினத்தின் கடையில் நின்றார்கள். யாழ்ப்பாணத்துக்காரர். கம்பைப் பார்த்ததும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

"என்ன பிள்ளை, அடிக்கவோ வந்தனீங்கள்?"

"அளவுங்கய்யா. பாட்டரி வேணும்."

அவர் மேசையில் இரண்டை வைத்தார். ஒன்று கைக்கு அடக்கமாக இருந்தது, மற்றது குட்டிப் பன்றி போலிருந்தது. "ரெண்டும் ஆறு வோல்ட்தான். மோட்டச் சைக்கிளுக்குச் சின்னன்தான் போடுறது. பெரிசு காருக்கு."

பேச்சியம்மா கம்பை வைத்தாள். சின்னது எந்த வெட்டையும் எட்டவில்லை. பெரியதோ கிட்டத்தட்ட மூன்று வெட்டுக்கும் சரியாக நின்றது.

"அக்கா, பெருசாத் தெரியுதே" என்று மாயாண்டி முணுமுணுத்தான்.

"மூணு தடவ அளந்தேன்டா! ஒங் கண்ணு பெருசா, எங் கம்பு பெருசா?" கடைக்காரர் பக்கம் திரும்பினாள். "என் தம்பி வண்டி சாதாரண வண்டி இல்லீங்க. தொரை வண்டி."

"அசிட் ஊத்தினால் பிறகு திருப்பி எடுக்கமாட்டன், பிள்ளை."

"ஊத்துங்க!"

பஸ்ஸில் வழி முழுக்க அதைச் சிந்தாமல் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். பெட்டிக்குள் அது இறங்கவில்லை. நிமிர்த்தியும் பார்த்தார்கள், திருப்பியும் பார்த்தார்கள். பாதிகூட இறங்கவில்லை. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கையில் பக்கத்து லயத்து அழகம்மா இன்னொரு கம்போடு ஓடிவந்தாள்.

"ஏன்டி பேச்சி, எங் கம்ப எடுத்துட்டு வந்துட்டியா? மூணு பிள்ளைங்க கால் அளவும் அதுலதான்டி வெட்டியிருக்கேன், தீபாவளிச் செருப்புக்கு! இது ஒன்னோடது. இதுல பொம்மைக்குக்கூடச் செருப்பு வாங்க முடியாது!"

பேச்சியம்மா பாட்டரியைப் பார்த்தாள், கம்பைப் பார்த்தாள். "அப்ப இது..."

"பெரியவன் காலு நீளம், சின்னவ காலு அகலம்" என்றான் மாயாண்டி. அவனுக்கு அழுகையை முந்திக்கொண்டு சிரிப்பு வந்தது. அழகம்மா தரையில் உட்கார்ந்தே சிரித்தாள். பேச்சியம்மா மட்டும் சிரிக்கவில்லை. விடிந்தால் லாரி. கடையோ திருப்பி எடுக்காது. அவள் கண் சுவரில் தொங்கிய கொழுந்துக் கூடையில் போய் நின்றது.

"தம்பி, பாட்டரி பெட்டிக்குள்ளதான் இருக்கணும்னு கணக்கப்பிள்ளை சொன்னாரா?"

"இல்ல..."

"வயர நீட்டு."

திங்கள் விடியலில் மூடுபனிக்குள் பெரட்டே வாயைப் பிளந்து நின்றது. முன்னால் மாயாண்டி. பின்னால் பேச்சியம்மா, ஒருபக்கமாக உட்கார்ந்து, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு. முதுகுக் கூடைக்குள் சாக்கால் அணைத்த பாட்டரி நிமிர்ந்து நின்றது. தினமும் கொழுந்து சுமக்கிற முதுகுக்கு அது ஒரு பாரமே இல்லை. மாயாண்டி சுவிட்சைத் தட்டினான். பனியைக் கிழித்துக்கொண்டு மஞ்சளாய் வெளிச்சம் பாய்ந்தது. கூட்டம் கூவியது.

வண்டி கிளம்பியது. முதல் வளைவில் அவன் சாய, அவள் பயந்து எதிர்ப்பக்கம் சாய, எங்கோ வயர் உரசி ஹாரன் தானாக அலற ஆரம்பித்தது. "நிறுத்துடா!" என்று அக்கா கத்தினாள். "கை வைக்கவே இல்லக்கா!" என்று தம்பி கத்தினான். ஸ்டோரைச் சுற்றி முடியும் வரை அது ஓயவில்லை. எந்நாளும் கடைசியாக வரும் மேல் லயத்து ஆட்கள், ஹாரனைப் பெரட்டு முடிகிற கொம்புச் சத்தம் என்று நினைத்துக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு விழுந்தடித்து ஓடிவந்தார்கள்.

சின்னராசா கூடைக்குள் எட்டிப் பார்த்தார். "இது என்னம்மா?"

"பாட்டரிங்க. லைட்டு எரிஞ்சுச்சு, ஹாரன் அடிச்சுச்சு, ஒரு சுத்து சுத்தியாச்சு."

ஓடிவந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர்களை அவர் ஒரு தரம் பார்த்தார். மீசைக்குள் சிரிப்பு தப்பியது. "கூடைய சீட்டுல கட்டு மாயாண்டி. அக்காவத் தபாலுக்குக் கூட்டிப் போகாத. லாரிக்காரன்கிட்ட நான் சொல்லிக்கிறேன்."

பேச்சியம்மா இறங்கிக் கூடையைச் சீட்டில் வைத்தாள். அப்போதுதான் சிரிப்பு வந்தது, வந்தது நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே தம்பியின் பாதத்தைத் தன் மட்டக்கம்பில் வைத்து, குதிகாலிலிருந்து பெருவிரல் நுனி வரை பார்த்து, நாலாவது வெட்டுப் போட்டாள்.

"இது எதுக்குடி?" என்றாள் அழகம்மா.

"தோல் சப்பாத்துக்கு. இனி நடக்கிற காலா அது? மோட்டார் ஓட்டுற காலுடி!"

சொல்லிவிட்டு, கம்பை இன்னும் இரண்டு தடவை வைத்துப் பார்த்துக்கொண்டாள்.